குமிழியா, கொப்புளமா, ஓட்டையா?

மருத்துவமனையிலிருந்து வெளியேறிய நாளில் என்னிடம் தரப்பட்ட நான்கு பக்க அறிக்கை, என் வலது நுரையீரலின் உச்சியில் இருப்பதை ஒரே ஒரு லத்தீன் சொல்லால் குறித்திருந்தது: புல்லா. அதன் பன்மை புல்லே. மொழியியலில் முதுகலை முடித்தவன் என்ற முறையில் அந்தப் பன்மை விகுதியை என்னால் அடையாளம் காண முடிந்தது. அது என் உடம்புக்குள் என்ன செய்யும், நான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது மட்டும் தெரியவில்லை. அறிக்கையின் பிற மூன்றரைப் பக்கங்களும் ஆங்கிலம். கட்டண விவரத்தை மட்டும் தெலுங்கில் பொறுமையாக விளக்கினார்கள்.

இந்தப் பதிவு சற்று நீளமானது. நுரையீரலில் புல்லாவோடு வாழ்வது பற்றியும், அத்தகைய வாழ்க்கையில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்பது பற்றியும் எழுத நினைக்கிறேன். மருத்துவ நண்பர்கள் பிழை கண்டால் திருத்துக. மொழியியல் நண்பர்களிடம் எனக்கு ஒரு வழக்கே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. உயரம் ஆறடிக்கு மேல், எடை அதற்குப் பொருந்தாத அளவு குறைவு. சந்திரகிரியில் எங்கள் வீட்டில் ஒரு விடியற்காலையில் வலப்பக்க மார்பில் சுருக்கென்று ஒரு வலி. மூச்சை இழுக்குந்தோறும் அது தோள்பட்டை வரை ஏறியது. அம்மா கண்ட முடிவு, வாயுப் பிடிப்பு. ஓமத் தண்ணீர் வந்தது. பெருங்காயம் கரைத்த மோர் வந்தது. பக்கத்து வீட்டு அத்தை விளக்கெண்ணெயைச் சூடுபடுத்தித் தடவிவிட்டார். இரண்டு நாட்கள் இப்படிக் கழிந்தன. மூன்றாம் நாள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரல் பாதிக்கு மேல் சுருங்கிக் கிடந்தது. மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இடையில் காற்று நிரம்பியிருந்தது. நியூமோதோராக்ஸ் என்பது அதன் பெயர். விலா இடுக்கில் குழாய் செருகி, அதன் மறுமுனையை நீர் நிரம்பிய குப்பிக்குள் அமிழ்த்தினார்கள். நான் இருமும்போதெல்லாம் குப்பியில் குமிழிகள் எழும். ஐந்து நாட்கள் அந்தக் குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். குமிழி நின்ற நாளன்று செவிலியர் சிரித்தார். கசிவு மூடிவிட்டதன் அடையாளம் அது. அதன் பின் எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் உச்சியில் இருந்த புல்லாக்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று உடைந்ததே எல்லாவற்றுக்கும் காரணம்.

வாயு என்று அம்மா சொன்னதில் ஒரு விபரீதமான உண்மை இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். தவறான இடத்தில் காற்று சேர்ந்திருந்தது என்பது சரிதான். ஆனால் நம் பேச்சு வழக்கில் வாயு என்பது வயிற்றுக்கும் தசைக்கும் மூட்டுக்கும் உரியது. நுரையீரலில் இருப்பதை எவரும் வாயு என்பதில்லை. ஆகவே அந்தச் சொல் வந்தவுடன் நோயின் இடம் மாறிவிடுகிறது, மருந்தும் மாறிவிடுகிறது, காத்திருக்கலாம் என்ற துணிவும் கூடவே வந்துவிடுகிறது. எங்கள் பகுதியின் தெலுங்கிலும் இதே நிலைதான். கேஸ் பட்டிந்தி என்று சொல்லிச் சோடா குடித்துப் படுப்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டு நாள் தாமதம் பெரிய இழப்பாகவில்லை. சிலருக்கு உள்ளே சேரும் காற்று வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போய் இதயத்தையும் பெருங்குழாய்களையும் மறுபுறம் தள்ளிவிடும். அந்நிலையில் இரண்டு நாள் என்ற கணக்கே கிடையாது. மணிக்கணக்கு, சில வேளைகளில் நிமிடக்கணக்கு.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

தெலுங்கில் நுரையீரலுக்கு ஊபிரிதித்தி என்று பெயர். ஊபிரி மூச்சு; தித்தி தோற்பை, கொல்லன் உலையின் துருத்தியைக் குறிக்கும் கொலிமிதித்தியில் வரும் அதே தித்தி. செயலைக் கொண்டு அமைந்த பெயர் அது. தமிழ் உறுப்பின் பொருண்மையைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறது: நுரை போன்ற ஈரல். ஆங்கிலச் சொல்லின் வேர் எடையின்மையைக் குறிப்பது. மூன்றும் அழகானவை. ஆனால் புல்லாவை விளக்க வந்தால் தமிழ்ப் பெயருக்கு நிகரான வசதி வேறெதற்கும் இல்லை. டம்ளரில் ஆற்றிய காப்பியின் நுரையைச் சற்று நேரம் கவனியுங்கள். பொடிக் குமிழிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர் அறுபடும், இரண்டு ஒன்றாகும், நான்கு ஒன்றாகும், கடைசியில் பெரிய குமிழிகள் சில மட்டும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். நுரையீரலில் பல கோடி நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் இடைச்சுவர்கள் புகையாலோ, பழைய நோயாலோ, பிறவியிலேயே அமைந்த குறையாலோ சிதையும்போது ஏற்படும் ஒற்றைக் காற்றறையே புல்லா. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமிருந்தால் அதற்கு இந்தப் பெயர். சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. மார்பின் ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ அது அடைத்துக்கொண்டால் பெரும்புல்லா என்பார்கள். உள்ளே காற்று இருக்கும். அந்தக் காற்றால் இரத்தத்துக்குப் பயன் இராது. இடத்தை அடைத்துக்கொண்டு, பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் நுரையீரலை நெருக்கும்.

லத்தீனில் புல்லா என்றாலே குமிழிதான். உருண்டையான முத்திரைக்கும் அதே பெயர் ஏற்பட்டு, முத்திரையிட்ட ஆவணத்துக்குப் பெயராகி, அங்கிருந்து ஆங்கிலத்தின் பில் என்ற சொல் பிறந்தது. மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த இரண்டு தாள்களிலும் ஒரே வேர்ச்சொல் இருந்தது என்பதை அறிந்தபோது சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது.

ஆனால் தமிழில் இதை நோயாளிக்கு எப்படிச் சொல்கிறோம்? நான் கேட்ட மொழிபெயர்ப்புகள் மூன்று. முதலாவது, கொப்புளம். கலைச்சொல் ஆக்குவோர் கைக்கு எளிதில் எட்டும் சொல் இது. தோலில் நீர்கோத்து எழும் புல்லாவுக்குப் பொருந்தவும் செய்யும். நுரையீரலுக்கு வரும்போது வேறு விளைவு உண்டாகிறது. கொப்புளம் என்றால் நம் மனத்தில் சீழ் இருக்கிறது, அம்மை இருக்கிறது, தொற்று இருக்கிறது. என் அத்தை கேட்ட முதல் கேள்வி, அது பழுத்து உடையுமா என்பது. இரண்டாவது கேள்வியை அவர் வாயால் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு தனி டம்ளரை எடுத்து வைத்தார். அந்த டம்ளர் அடுக்களையில் ஏறக்குறைய எட்டு மாதம் இருந்தது.

இரண்டாவது, ஓட்டை. மருத்துவர்கள் வாய்மொழியாக அதிகம் ஆளும் சொல். விரைவில் புரியும் என்பது உண்மைதான். தவறாகப் புரியும் என்பதும் உண்மை. ஓட்டை என்றால் எப்போதும் கசியும், அடைத்தால் சரியாகிவிடும், அடைக்காமல் விட்டால் இன்றோ நாளையோ என்று பொருள்படுகிறது. புல்லா எப்போதும் கசிவதில்லை. பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாமலே இருந்துவிடும், வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை தேவையில்லை, கண்காணிப்பே போதும். ஆனால் திருமணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு நுரையீரலில் ஓட்டையாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன் பிறகு எந்த மருத்துவர் வந்து விளக்கினாலும் பயனில்லை. இதை யாரோ ஒருவர் கதையாக நான் சொல்லவில்லை.

மூன்றாவது, குமிழி. பொருளால் இதுவே மிக நெருக்கம். ஆயினும் நம் இலக்கிய மரபு நீர்க்குமிழியை நிலையாமைக்கு உவமையாக்கி நூற்றாண்டுக்கணக்கில் பழகிவிட்டது. படித்த நோயாளியிடம் உங்கள் நுரையீரலில் குமிழி என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் பட்டினத்தார் வந்து உட்கார்வார்.

எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம் நூலிலிருந்து வந்ததன்று. வெளிநோயாளர் பிரிவு பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் பஞ்சர் கடை வைத்திருப்பவர். என் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ட்யூப்புல ஒரு எடம் மெலிஞ்சா அங்க மட்டும் பொடச்சிக்கும் தம்பி. பொடப்பு இருந்தாலும் வண்டி ஓடும். அதிகமா காத்து அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். நோயின் இயல்பு, ஆபத்தின் அளவு, வாழும் முறை ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிட்டன. அன்றிலிருந்து நான் வீட்டில் பயன்படுத்துவது காற்றுப்புடைப்பு என்ற சொல். இதுவே சரியான கலைச்சொல் என்று வாதிட வரவில்லை. நோயாளியின் தொழிலிலிருந்தும் அன்றாடத்திலிருந்தும் சொல்லை எடுத்தால் அது தன்னுடன் செயலையும் கொண்டுவருகிறது என்பதே நான் கண்டது.

என் பெரியப்பாவின் கதை இதைவிடச் சிக்கலானது. அறுபதைக் கடந்தவர், பதினைந்து வயதில் பீடியைத் தொட்டவர், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் காசநோய்க்கு மாத்திரை முழுவதும் சாப்பிட்டுக் குணமானவர். இங்கே குணமானவர் என்ற சொல்லில் ஒரு நிழல் இருக்கிறது. கிருமி ஒழிந்தது என்பதுதான் அதன் பொருள். சிதைந்த இடம் சிதைந்தபடியே இருக்கும். தழும்பு இழுத்த பக்கத்தில் மூச்சுக்குழல் விரியலாம்; அறைகள் கலைந்து புடைக்கலாம். அதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. மூச்சிரைப்பு வந்தபோது ஓரிடத்தில் எக்ஸ்ரேயில் இருந்த கருவட்டத்தைப் பார்த்து மீண்டும் காசநோய் என்று முடிவு செய்துவிட்டார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இருந்தும் வீட்டில் ஒரு மாதம் அவருக்குத் தனித்தட்டு. வேறோரிடத்தில் ஒரு நள்ளிரவில் அதே கருமையை நியூமோதோராக்ஸ் என்று எடுத்துக்கொண்டு குழாய் செருக ஆயத்தமாகிவிட்டார்கள். மூத்த மருத்துவர் ஒருவர் வந்து, பழைய படம் இருக்கிறதா என்று கேட்டு, சி.டி. எடுக்கச் சொன்னதால் தப்பினார். இடப்பக்க மேற்பகுதி முழுவதையும் ஒரு பெரும்புல்லா பிடித்திருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் இவ்விரண்டையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். புல்லாவுக்குள் குழாயைச் செருகினால் மூச்சுக்குழலிலிருந்து வெளியே நேராக ஒரு வழி திறந்துவிடும். இல்லாத கசிவு உண்டாகும். உடன் ஒரு பழைய படமும் ஒரு வரிக் குறிப்பும் இருந்தால் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காசநோய் என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. ஆரோக்கியவரம் போனவர் என்பார்கள். பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே 1915-இல் மிஷன்கள் ஒன்றுகூடித் திறந்த காசநோய் சானடோரியத்தின் ஊர்ப்பெயர் அது. நலத்தின் வரம் என்று பொருள்படும் பெயர் எங்கள் வீட்டில் நோயின் மறைபெயராகிவிட்டது. மங்கல வழக்கு எப்படிக் காலப்போக்கில் தன் மங்கலத்தை இழக்கிறது என்பதற்கு வகுப்பறையில் நான் தரும் உதாரணம் இதுதான். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர் அதன் முதல் தலைவர். இன்னொரு செய்தியும் என்னை நெடுநாள் உறுத்தியது. மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் உலகெங்கும் சானடோரியங்களின் முதன்மையான சிகிச்சை, மார்புக்குள் வேண்டுமென்றே காற்றைச் செலுத்தி நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வு கொடுப்பது. இத்தாலியரான கார்லோ ஃபோர்லானினி 1882-இல் முன்வைத்த முறை. என்னை மாடிப்படியில் உட்கார வைத்த அதே நிலையை இன்னொருவருக்கு மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்! பின்னர் மருந்துகள் வந்தன. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தின் ஆய்வு, சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு இணையாக வீட்டிலிருந்து மாத்திரை உண்டவர்களும் குணமடைகிறார்கள் என்று நிறுவியது. உலகம் முழுவதும் நோயாளிகள் வீட்டுக்குத் திரும்ப அது வழிவகுத்தது. நோயாளி வீட்டுக்கு வந்துவிட்டால் அவரைக் கவனிக்கும் பொறுப்பும், அவருக்கான அறிவும் வீட்டுக்கு வர வேண்டும். பொறுப்பு வந்தது. அறிவு ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது.

பெரியப்பாவை வேலூருக்கு அழைத்துச் சென்றோம். சந்திரகிரியில் ரயிலேறினால் பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி. எங்கள் பகுதியில் பலருக்கு மார்புநோய்க்கான பாதை அதுவே. ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1949-இல் அங்கே மார்பு அறுவைத் துறையைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பாதைக்கு ஒரு வரலாறு உண்டு. அறுவை எல்லாருக்கும் உரியதன்று என்பதை அங்கேதான் தெளிவாகக் கேட்டோம். ஒரு பெரும்புல்லா இருந்து, அதனால் நெருக்குண்ட பகுதி நல்ல நுரையீரலாக இருந்தால், புல்லாவை அகற்றியதும் அது விரியும், மூச்சு எளிதாகும். சுற்றியுள்ள பகுதியும் சிதைந்திருந்தால் அகற்றுவதால் கிடைக்கும் பயன் குறைவு, ஆபத்து அதிகம். பெரியப்பா இரண்டாம் வகை. எனவே இழுமருந்து, மூச்சுப் பயிற்சியோடு கூடிய நடை, சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பீடியை விடுவது. இழுமருந்து புல்லாவைச் சுருக்காது. மற்ற மூச்சுக்குழல்களைத் திறந்து வைக்கும். இதைச் சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று மூன்றாம் மாதமே நிறுத்திவிடுவார்கள்.

பீடியைப் பற்றி ஒரு குறிப்பு. பெரியப்பாவின் பழைய மருத்துவச் சீட்டுகள் மூன்றில் அவர் புகைப்பவர் அல்லர் என்று எழுதியிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார்கள், இல்லை என்றார். பெரியம்மாவிடம் நாற்பதாண்டு விறகடுப்பைப் பற்றி எவருமே கேட்டதில்லை. கள ஆய்வில் வினாநிரலின் ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் விவாதிக்கும் நாம், மருத்துவமனை வினாநிரல்களைப் பார்த்தால் திகைத்துப் போவோம்.

என்னைப் போன்றவர்களின் அன்றாடம் வேறு வகை. முதல் முறை நியூமோதோராக்ஸ் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது மீண்டும் வருகிறது. இரண்டாம் முறை வந்தால் பெரும்பாலும் அறுவையைப் பரிந்துரைப்பார்கள்: சிறு துளைகள் வழியே புல்லாவை அகற்றி, நுரையீரல் மார்புச்சுவரோடு ஒட்டிக்கொள்ளுமாறு செய்வது. எனக்கு இடையில் அது நேர்ந்தது, செய்துகொண்டேன். அந்தத் தையலைத்தான் மேலே குறிப்பிட்டேன்.

விமானப் பயணம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள், குறிப்பாகக் கருத்தரங்கு அழைப்பு வந்த மாணவர்கள். பாயில் விதியைப் பள்ளியில் படித்தோம்: அழுத்தம் குறைந்தால் கொள்ளளவு கூடும். விமானத்தின் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதற்கு நிகராகக் குறையலாம். அதாவது தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. அடைபட்ட காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு விரியும். நியூமோதோராக்ஸ் இருக்கும்போது பறக்கவே கூடாது. முழுவதும் சரியானது படத்தில் உறுதியான பிறகும் குறைந்தது 7 நாட்கள் பொறுக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் மார்புநோய்ச் சங்கத்தின் வழிகாட்டல். புல்லா மட்டும் இருப்பவர்கள் பலரும் தொல்லையின்றிப் பறக்கிறார்கள். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் அந்த முடிவை எடுக்கக்கூடாது. அழுத்தக் காற்றோடு ஆழ்கடலில் மூழ்கும் விளையாட்டு எங்களுக்கு இல்லை. சந்திரகிரிக்காரனுக்கு இது பெரிய தியாகமன்று.

தியாகமாகத் தோன்றியது வேறு. நான் பிழைத்தால் ஸ்ரீவாரி மெட்டு வழியாக நடந்தே திருமலை ஏறுவேன் என்று அம்மா என் சார்பில் வேண்டிக்கொண்டுவிட்டார். எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்ரீநிவாச மங்காபுரத்திலிருந்து தொடங்கும் அந்தப் பாதையில் 2,388 படிகள். மருத்துவரிடம் வெட்கத்தோடு கேட்டேன். அவர் வெட்கப்படவில்லை, கணக்குப் போட்டார். திருப்பதிக்கும் திருமலைக்கும் இடையில் காற்றழுத்தம் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே மாறும். உயரம் சிக்கலன்று, முயற்சியின் வேகமே சிக்கல். ஆறு மாதம் கழித்து, பேச முடிகிற வேகத்தில், நூறு படிக்கு ஒருமுறை உட்கார்ந்து ஏறு என்றார். ஏறினேன். பெரியப்பாவுக்கு அதே மருத்துவர் பேருந்தைப் பரிந்துரைத்தார். ஒரே பெயருடைய நோய், இரு வேறு விடைகள். பொது அறிவுரைக்குள் இதை அடக்க முடியாது. கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்காமலே வரும் அறிவுரைகளில் முதலிடம் பிராணாயாமத்துக்கு. மென்மையான மூச்சுப் பயிற்சி நல்லதே, மருத்துவமனையிலேயே கற்பிக்கிறார்கள். ஆனால் கபாலபாதி போல வேகமாக வயிற்றை உதறி மூச்சை வெளித்தள்ளும் பயிற்சியால் ஒருவருக்கு நியூமோதோராக்ஸ் ஏற்பட்டதாக 2004-இல் செஸ்ட் என்ற மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. ஒற்றை நிகழ்வைக் கொண்டு ஒரு மரபையே குறை சொல்ல இயலாது. புடைப்பு உள்ளவர் மூச்சை வலிந்து அடக்கவோ உதறவோ கூடாது என்று எச்சரிக்க அது போதும். அதே ஆண்டில் தோராக்ஸ் இதழில் பெல்ஜிய மருத்துவர்கள் உரத்த இசைக்கு மிக அருகில் நின்றவர்களுக்கு இது வந்ததாக எழுதினார்கள். கங்கம்மா ஜாத்திரையில் ஒலிபெருக்கிக் கோபுரத்திலிருந்து நான் தள்ளி நிற்பதற்கு இப்போது ஆங்கிலச் சான்று இருக்கிறது, நண்பர்கள் நம்புவதில்லை.

இனி வழக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தின் முதல் உரிமையே தகவல் உரிமைதான். நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்கு விளங்கும் அளவில் சொல்ல வேண்டும் என்கிறது அது. மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பார்கள். ஒருநாளில் நூறு பேரைப் பார்ப்பவரிடம் நான் குறை காண மாட்டேன். அதனால்தான் அச்சிட்ட தாளைக் கேட்கிறேன். வேறு மருத்துவமனைக்குப் போனால் ஆங்கிலந்தானே பயன்படும் என்பார்கள். உண்மை, ஆங்கில அறிக்கை அப்படியே இருக்கட்டும், அது மருத்துவர் மருத்துவருக்கு எழுதும் கடிதம். நோயாளிக்கு எழுதும் கடிதம் எங்கே என்பதே என் கேள்வி. கலைச்சொல் அகராதி வந்தால் சரியாகும் என்பார்கள் தமிழ்த்துறை நண்பர்கள். கொப்புளம் என்ற சொல் அகராதியின் கொடைதான். என் அத்தையின் அடுக்களையில் அது என்ன செய்தது என்று பார்த்தோம்.

நம் துறைக்கு வருகிறேன். சித்தூர் எல்லைப் பகுதியின் இருமொழியத்தைப் பற்றி நாம் எழுதாததில்லை. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது, 1953-இல் அது ஆந்திரத்துக்குப் போனது, 1960-இல் திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, 2022-இல் சந்திரகிரி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது என எல்லா ஆண்டுகளும் நம் ஆய்வேடுகளின் முதல் இயலில் தவறாமல் இருக்கும். குறிமாற்றத்துக்கு எடுத்துக்காட்டுகளைச் சந்தையிலும் பேருந்திலும் திரட்டுவோம். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் திகைத்து நிற்கும் இடத்துக்கு மட்டும் ஒலிப்பதிவுக் கருவியோடு போனதில்லை; என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அனுமதி பெறுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடினமான மற்ற அனுமதிகளைப் பெற்றிருக்கிறோமே.

தாள் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் என் படிப்பு முதன்முறையாக எனக்கு உதவியது. பெரியப்பா வீட்டில் பேசுவது தமிழ். கனவு காண்பதும் தமிழில்தான் என்பார். படிக்கத் தெரிந்தது தெலுங்கு எழுத்து மட்டும். அவர் போன பள்ளியில் இருந்தது அது. தூய தமிழ்த் தாள் அவருக்குப் பயன்படாது. தூய தெலுங்குத் தாளைப் படிப்பார், ஆனால் நள்ளிரவில் வலி வந்தால் பெரியம்மாவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே எங்கள் வீட்டுத் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதினேன். பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, பணியிலிருக்கும் மருத்துவருக்காக: இவருக்கு இடப்பக்கம் பெரும்புல்லா உள்ளது, சி.டி. பார்க்காமல் குழாய் செருக வேண்டாம். தமிழ்ப் பகுதி இவ்வளவுதான்:

"என் நுரையீரலில் ஒரு காற்றுப்புடைப்பு இருக்கிறது. இது தொற்றாது. சீழ் இல்லை. திடீரென்று ஒரு பக்கம் மார்பு குத்தினாலோ, மூச்சு முன்னைவிட அதிகமாக வாங்கினாலோ அது வாயு அல்ல. உடனடியாக 108-ஐக் கூப்பிட வேண்டும். பீடி, சிகரெட், சுருட்டு, கஞ்சா எதுவும் கூடாது. பழைய படம் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது."

பெரியப்பா உரக்கப் படித்துப் பார்த்தார். உடனடியாக என்பதை அடித்துவிட்டு அப்பவே என்று போடச் சொன்னார். உடனடி என்றால் விடிந்ததும் என்று பெரியம்மா நினைத்துக்கொள்வாளாம். பீரோவை அடிக்கவில்லை, படத்தைத்தான் இடம் மாற்றினார், கதவுக்குப் பின்னால் ஆணியில், ஆம்புலன்ஸ்காரர் கண்ணில் படுமாறு.

தாளின் தமிழ், தெலுங்கு எழுத்து வடிவங்கள் இரண்டும் என்னிடம் உள்ளன. உருதுவிலும் கன்னடத்திலும் செய்து தரக்கூடியவர்கள், மருத்துவப் பகுதியைச் சரிபார்க்கக்கூடிய மார்புநோய் மருத்துவர்கள் எழுதுங்கள். எண்ணும் பீரோவும் வீட்டுக்கு வீடு மாறும். மற்றதை எடுத்துக்கொள்ள என் அனுமதி தேவையில்லை.